படம் சோறு போடுமா?

(ஹைதராபாத் அமீர்பேட்டில், புதிதாக எழுதப் படிக்கக் கற்ற தமிழர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மைத்ரிவனம் பக்கம் ஒரு தடவை நடந்து பாருங்கள். அங்கே சுவர் தெரியாது. பலகைதான் தெரியும். மாடி மேல் மாடியாகப் பலகை. எல்லாம் கம்ப்யூட்டர் வகுப்புப் பலகை. போன வருஷம் வரை அவை உங்களுக்கு வெறும் கோடும் நிறமுமாகத் தெரிந்தன. இன்று எழுத்துக் கூட்டிப் படிக்கிறீர்கள். அந்தப் பலகைகள் எல்லாம் சொல்வது ஒன்றுதான். "வா, படி, வேலைக்குப் போ, மாதச் சம்பளம் வாங்கு."

நல்ல பேச்சுதான். அதில் குறை இல்லை.

ஆனால் இதே அமீர்பேட்டில்தான் சாரதி ஸ்டூடியோவும் இருக்கிறது. 1950களில் தொடங்கிய பழைய சினிமா ஸ்டூடியோ. சினிமா என்றால் நடிகர் மட்டும் அல்ல. செட் போடும் தச்சர் வேண்டும். சாயம் பூசுகிறவர் வேண்டும். திரை வரைகிறவர், துணி தைக்கிறவர் வேண்டும். அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. வேலை இருந்தால் காசு. இல்லை என்றால் இல்லை.

இந்தக் கூட்டத்திலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறீர்கள். சில அக்காமார்கள் மக்கம் வேலை செய்கிறீர்கள். நம் ஊரில் அதை ஆரி வேலை என்பார்கள். சிலர் மருதாணி போடுகிறீர்கள். ஒரு காலத்தில் கடைப் பலகை எழுதிய பெரியவர்களும் இருக்கிறீர்கள். கம்ப்யூட்டரில் அச்சடிக்கும் ஃபிளெக்ஸ் பலகை வந்தது. தூரிகை பிடித்த பல கைகள் சும்மா இருக்கும்படி ஆனது.

அதனால்தான் இன்றைய பேச்சு. முதலாளி இல்லாமல், மாதச் சம்பளம் இல்லாமல், கையில் இருக்கும் கலையை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா?

இதைக் கேட்டவுடன் வீட்டில் ஒரு கேள்வி வரும். "படம் சோறு போடுமா?" அம்மா கேட்பார். மாமியார் கேட்பார். இது கேலிக் கேள்வி அல்ல. நியாயமான கேள்வி. அரிசி வாங்குகிறவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள். இதற்குச் சரியான பதில் வேண்டும். "மனசுக்குப் பிடித்ததைச் செய், பணம் தானாக வரும்" என்று சிலர் சொல்வார்கள். அது பதில் ஆகாது. பணம் தானாக வருவதில்லை.

இதே ஹைதராபாத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

அவர் பெயர் தோட்டா வைகுண்டம். 1942ஆம் ஆண்டு பிறந்தார். ஊர் புருகுபள்ளி. அப்போது அது கரீம்நகர் மாவட்டம். சின்ன கிராமம். அந்த ஊருக்கு ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுக்கள் வரும். பெண் வேஷத்தையும் ஆண்களே போடுவார்கள். முகத்தில் சாயம் பூசுவார்கள். பெரிய பொட்டு வைப்பார்கள். சேலை கட்டுவார்கள். சற்று முன்பு ஆணாக இருந்தவர் இப்போது பெண்ணாக வந்து நிற்பார். சிறுவன் வைகுண்டம் அதை வாய் பிளந்து பார்த்தான். நிறம் செய்யும் மாயத்தை அங்கேதான் முதலில் கண்டான்.

பிறகு ஹைதராபாத்துக்கு வந்தார். நுண்கலைக் கல்லூரியில் படித்தார். அதன் பின் குஜராத்தில் உள்ள பரோடாவுக்குப் போனார். அங்கே கே.ஜி. சுப்ரமணியன் என்ற பெரிய ஓவியர் ஆசிரியராக இருந்தார். அவரிடம் படித்தார். அந்த ஆசிரியர் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து வரையச் சொல்கிறவர் அல்ல. நம் நாட்டுப் பொம்மை, நம் நாட்டுச் சித்திரம், நம் வீட்டுக் காட்சி என்று வரைந்தவர்.

வைகுண்டத்துக்கு அது உறைத்தது. நம் ஊர் எது? நம் ஊர்ப் பெண்கள் யார்? ஊர் திரும்பிப் பார்த்தார். வெயிலில் கறுத்த உடம்பு. நெற்றியில் ரூபாய்க் காசு போல் குங்குமம். கொண்டையில் பூ. காதில், கையில், கழுத்தில் நகை. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகச் சேலை. அவர்களை வரையத் தொடங்கினார். சிறுவயதில் பார்த்த அம்மாவும் அந்தச் சேலைக்குள் இருந்தார்.

இன்று அந்தப் படத்தைப் பார்த்தவுடன், கையெழுத்தைப் படிக்காமலே, "இது வைகுண்டம் படம்" என்கிறார்கள்.

ஆனால் இது ஒரே நாளில் நடக்கவில்லை. இந்த இடத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பெரிய ஓவியர் கதை சொல்கிறவர்கள் பெரும்பாலும் நடுவில் உள்ள வருஷங்களை விட்டுவிடுவார்கள். சோறு எங்கிருந்து வந்தது என்று சொல்ல மாட்டார்கள்.

நாம்பள்ளி பப்ளிக் கார்டனில் ஜவஹர் பால பவன் இருக்கிறது. குழந்தைகள் பாட்டும் ஆட்டமும் படமும் கற்கும் இடம். அங்கே வைகுண்டம் குழந்தைகளுக்குப் படம் சொல்லிக் கொடுத்தார். வீட்டுச் செலவுக்கு ஒரு வேலை இருந்தது. மிச்ச நேரத்தில் தன் படத்தை வரைந்தார். முதலில் கரித்துண்டால் நிறைய வரைந்தார். கரி விலை குறைந்த பொருள். ஆனால் கரியில் ஏமாற்ற முடியாது. கோடு சரியாக இல்லை என்றால் உடனே தெரிந்துவிடும்.

சினிமாவிலும் வேலை செய்தார். பி. நர்சிங் ராவ் என்ற இயக்குநர் 'தாசி' என்ற தெலுங்குப் படம் எடுத்தார். பழைய தெலங்கானாவில் தொரை வீட்டில் அடிமையாக உழைத்த ஒரு பெண்ணின் கதை. அந்தப் பெண்ணாக நடித்தவர் அர்ச்சனா. பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தில் வீடு கட்ட அல்லாடினாரே, அவர்தான். 'தாசி' படத்துக்குக் கலை இயக்குநர் வைகுண்டம். தொரை வீட்டின் தூண், கதவு, பானை, விளக்கு எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்த்தவர் அவர். 1988ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதில் அர்ச்சனாவுக்கும் விருது கிடைத்தது. வைகுண்டத்துக்கும் கிடைத்தது.

ஓவியத்துக்கான தேசிய விருது 1993ஆம் ஆண்டு வந்தது. அப்போது அவர் வயது 50ஐத் தாண்டிவிட்டது. கல்லூரியை விட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அந்த இருபது வருஷத்தில் அவர் இரண்டு வேலை செய்தார் என்று சொல்லலாம். ஒன்று சோற்றுக்கு. இன்னொன்று தன் கைக்கு. சோற்றுக்கான வேலை அவருடைய கையைக் கெடுக்கவில்லை. குழந்தைகளுக்குப் படம் சொல்லிக் கொடுப்பதும் படம்தானே. சினிமாவுக்குத் தெலங்கானா வீட்டை அமைப்பதும் அவர் வரையும் ஊரைப் பார்ப்பதுதானே. இதைத்தான் கவனிக்க வேண்டும். பக்க வேலை எடுக்கும்போது, தன் கலைக்குப் பக்கத்தில் இருக்கும் வேலையாக எடுத்தால் நல்லது. எப்போதும் கிடைக்காது. கிடைத்தால் விடக் கூடாது.

எம்.எஃப். ஹுசைன் பெயரைக் கேட்டிருப்பீர்கள். உலகம் அறிந்த ஓவியர். இந்த ஊரின் பஞ்சாரா ஹில்ஸில் 1999ஆம் ஆண்டு 'சினிமா கர்' என்று ஒரு கலைக்கூடம் திறந்தார். அவரும் இளம் வயதில் பம்பாயில் சினிமாப் பலகை வரைந்தவர்தான். குழந்தைகளுக்குப் பொம்மை செய்து கொடுத்தும் பிழைத்தார். பலகை வரைந்த பெரியவர்கள் இதைக் கேட்டுத் தலை நிமிர்ந்து உட்காரலாம்.

சரி. ஒரு அண்ணன் கேட்கலாம். "அவர் தனி ஆள், திறமைசாலி, சமாளித்தார். சாதாரண ஆள் என்ன செய்வது?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சென்னையில் இருக்கிறது.

கே.சி.எஸ். பணிக்கர் என்று ஓர் ஓவியர். 1911ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தவர். குடும்ப பாரம் தலையில் விழுந்ததால் இளம் வயதிலேயே தந்தி இலாகாவில் வேலைக்குப் போனவர். பிறகு சென்னை அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்து படித்தார். 1957ஆம் ஆண்டு அந்தப் பள்ளிக்கே முதல்வர் ஆனார்.

அவருக்கு ஒரு கவலை. பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். நன்றாக வரைகிறார்கள். பள்ளியை விட்டுப் போனவுடன் படம் நின்றுவிடுகிறது. ஒருவன் விளம்பரக் கம்பெனிக்குப் போகிறான். ஒருவன் ஏதோ ஆபீசில் குமாஸ்தா ஆகிறான். அந்தக் காலத்தில் புது மாதிரிப் படத்தை வாங்க ஆளே இல்லை. வாங்குகிறவர் இல்லை என்றால் வரைகிறவர் என்ன செய்வார்?

படம் விற்காது. ஆனால் துணி விற்கும். எல்லாரும் துணி வாங்குகிறார்கள். அதனால் அவர்கள் பாத்திக் செய்தார்கள்.

பாத்திக் என்பது மெழுகுச் சாய வேலை. துணியில் மெழுகை உருக்கிக் கோலம் போடுவார்கள். பிறகு சாயத்தில் முக்குவார்கள். மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. மெழுகை எடுத்துவிட்டால் அந்தக் கோலம் வெள்ளையாக நிற்கும். மறுபடி மெழுகு, மறுபடி சாயம். இப்படி இரண்டு, மூன்று நிறம் ஏற்றுவார்கள். ஓவியன் கையால் செய்த பாத்திக் என்றால் கடைத் துணியைப் போல் இருக்காது. ஒவ்வொன்றும் வேறு வேறாக இருக்கும். ஜனங்கள் வாங்கினார்கள்.

இங்கேதான் சாமர்த்தியம். கிடைத்த பணத்தை ஆளுக்கு ஆள் பிரித்துச் செலவு செய்துவிடவில்லை. சங்கமாகச் சேர்ந்தார்கள். பணத்தைச் சேர்த்தார்கள். சென்னைக்குத் தெற்கே கடற்கரை ஓரம் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். 1966ஆம் ஆண்டு அங்கே ஒரு ஊர் உண்டானது. அதன் பெயர் சோழமண்டலம் ஓவியர் கிராமம்.

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் பறக்கின்றன. ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு கிரவுண்டு விலை கேட்டால் தலை சுற்றும். அன்று அது வெறும் மணல். சவுக்கு மரம். கீற்றுக் கொட்டகையில்தான் குடியேறினார்கள். "இந்த மணலில் போய் யார் இருப்பார்?" என்று கேட்டவர்கள் உண்டு. இருந்தார்கள். எஸ்.ஜி. வாசுதேவ், சேனாதிபதி, ஹரிதாசன், சுல்தான் அலி, பணிக்கரின் மகன் நந்தகோபால் என்று பலர். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என்று பல ஊர்க்காரர்கள்.

அவர்கள் பாத்திக்கோடு நிற்கவில்லை. செம்புத் தகட்டில் வேலை செய்தார்கள். தோலில், மண்ணில் பொருள் செய்தார்கள். கைவினைப் பொருள் விற்ற பணம் அடுப்பை எரித்தது. அடுப்பு எரிந்ததால் படமும் சிற்பமும் நடந்தன. பிறகு படமும் விற்றது. சிற்பமும் விற்றது. அவர்களில் பலர் வெளிநாட்டில் கண்காட்சி வைத்தார்கள்.

பணிக்கர் 1977ஆம் ஆண்டு காலமானார். கிராமம் நிற்கவில்லை. 2009ஆம் ஆண்டு அங்கே ஒரு பெரிய கலை மையம் திறந்தார்கள். சென்னைக்குப் போகிறவர்கள் நேரில் போய்ப் பார்க்கலாம்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. அதையும் சொல்ல வேண்டும். பாத்திக் நன்றாக விற்கிறது என்று பாத்திக்கையே செய்துகொண்டு இருந்தால் ஓவியன் எங்கே போவான்? காலை முதல் இரவு வரை ஒரே பூ, ஒரே மாங்காய் டிசைன். கை பழகிவிடும். மனசு மரத்துவிடும். பாத்திக் நிலம் வாங்கிக் கொடுத்தது, சரி. ஆனால் அந்த ஊர் பேர் எடுத்தது பாத்திக்கால் அல்ல. மிச்சம் பிடித்த நேரத்தில் செய்த படத்தாலும் சிற்பத்தாலும்தான். அந்த நேரத்தை அவர்கள் விற்கவில்லை. வாரத்தில் அரை நாளாவது தனக்கென்று வைத்துக்கொள்வது கஷ்டம்தான். அதுவும் பெண்களுக்கு இன்னும் கஷ்டம். சமையல், தண்ணீர், பிள்ளை, ரேஷன் எல்லாம் முடிந்து எப்போது உட்காருவது? இதை வீட்டில் உள்ள ஆண்களும் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். அக்காமார்கள் கவனிக்கவும்.

ஒரு ரவிக்கைக்கு மக்கம் வேலை வருகிறது. துணி அவர்களுடையது. நூல், மணி, ஜரிகை உங்களுடையது. அதற்கு 450 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசி, கரண்ட், சட்டம் தேய்மானம் 150 ரூபாய். வேலை 5 நாள். ஒரு நாள் உழைப்புக்கு 500 ரூபாய் வேண்டும் என்றால், அது 2,500. எல்லாம் கூட்டினால் 3,100 ரூபாய்.

வாடிக்கைக்காரர் 2,000 ரூபாய்தான் தருவேன் என்கிறார். நீங்களும் "சரி, வருகிறது வரட்டும்" என்று வாங்கிக்கொள்கிறீர்கள். என்ன ஆகிறது? 2,000இல் பொருள் செலவு 600 போய்விட்டது. மீதி 1,400. அதை 5 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 280 ரூபாய். கண் எரிய, முதுகு வலிக்கக் குனிந்து செய்த வேலைக்கு 280.

பல பேர் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. 2,000 ரூபாயும் தனக்கு வந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். மாதக் கடைசியில் "பணம் எங்கே போனது?" என்று தேடுகிறார்கள். பணம் எங்கும் போகவில்லை. அது வரவே இல்லை.

சில நேரம் குறைத்துத்தான் ஆக வேண்டும். ஆஷாடத்தில் கல்யாணம் இருக்காது. வேலையும் இருக்காது. அப்போது 2,000க்கும் செய்யலாம். ஆனால் குறைக்கிறோம் என்று தெரிந்து குறைக்க வேண்டும். எவ்வளவு குறைத்தோம் என்று நோட்டில் எழுதி வைக்க வேண்டும். கல்யாண மாதம் வரும்போது அந்த நோட்டு பேசும்.

வேலை எடுக்கும்போதே பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள். பொருள் செலவாவது கையில் வந்துவிட வேண்டும். கேட்க வெட்கமாக இருக்கும். தையற்காரர் கேட்கிறார், தச்சர் கேட்கிறார். ஓவியம் வரைகிறவரும் கேட்கலாம்.

அடுத்தது கையெழுத்து. இதற்குத்தான் நீங்கள் எழுத்துக் கற்றதே.

நம் நாட்டில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. ஒருவர் ஒரு படம் வரைந்தால், அந்தப் படத்தின் உரிமை பொதுவாக அவருடையது. வரைந்த உடனே உரிமை வந்துவிடும். எங்கும் போய்ப் பதிவு செய்தால்தான் உரிமை என்று இல்லை. அவர் வாழும் காலம் முழுக்க அந்த உரிமை உண்டு. அவர் போன பின் இன்னும் 60 வருஷம் பிள்ளைகளுக்கு உண்டு.

இன்னொன்று. படத்தை விற்றால் படம்தான் போகும். உரிமை போகாது. உங்களிடம் ஒரு படம் வாங்கியவர் அதை வீட்டில் மாட்டலாம். அதைக் காலண்டராக ஆயிரம் பிரதி அச்சடித்து விற்க வேண்டுமானால் உங்களைக் கேட்க வேண்டும். உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில் எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை காலத்துக்கு என்று அந்தக் காகிதத்தில் எழுதாமல் விட்டிருந்தால், 5 வருஷம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

விதிவிலக்கும் உண்டு. சம்பளத்துக்கு வேலை செய்யும் இடத்தில், அந்த வேலையாகவே வரைந்த படம் முதலாளிக்குச் சேரும். காசு கொடுத்து "என் உருவத்தை வரைந்து கொடு" என்று ஒருவர் கேட்டு வரைந்தால், அதன் உரிமை அவருக்குப் போகும். வேறு மாதிரி வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். பொருளில் நிறைய அச்சடிக்கும் டிசைனுக்கு வேறு சட்டம் இருக்கிறது. அது 2000ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குப் பதிவு செய்ய வேண்டும்.

ஆகவே யாராவது ஒரு தாளை நீட்டி, "சும்மா ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்" என்றால் என்ன செய்ய வேண்டும்? முன்பு கைநாட்டு வைத்தோம். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. இப்போது தாளை வாங்குங்கள். உட்காருங்கள். எழுத்துக் கூட்டிப் படியுங்கள். தெலுங்கிலோ இங்கிலீஷிலோ இருந்தால் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் காட்டுங்கள். "நாளைக்குத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். ஒரு நாள் பொறுக்க மாட்டேன் என்கிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருங்கள்.

எங்கே விற்பது என்று கேட்பீர்கள். தெருவில் உள்ள கடைக்காரர் ஒருவரை மட்டும் நம்பி இருந்தால் அவர் சொன்னதுதான் விலை. கைவினைக்காரர்களுக்கு மத்திய அரசு 'பஹ்சான்' என்று ஒரு அடையாள அட்டை தருகிறது. 2016ஆம் ஆண்டு தொடங்கியது. கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகம் கொடுக்கும். அரசுக் கண்காட்சியில் கடை போட விண்ணப்பிக்கும்போது இந்த அட்டை உதவும். மாதாப்பூரில் ஷில்பாராமம் இருக்கிறது. பல ஊர்க் கைவினைக்காரர்கள் கடை போடும் இடம். அமீர்பேட்டில் மெட்ரோ ஏறினால் ஹைடெக் சிட்டி. அங்கிருந்து பக்கம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்து போய் வாருங்கள். வாங்க வேண்டாம். விலையைக் கேளுங்கள். யார் எப்படி அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எந்தக் கடையில் கூட்டம் நிற்கிறது என்று பாருங்கள்.

நாலு பேர் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சோழமண்டலத்துக்காரர்கள் தனித்தனியாக நிலம் வாங்கியிருக்க முடியாது. நூலும் மணியும் தனித்தனியாகச் சில்லறையில் வாங்கினால் ஒரு விலை. நாலு பேர் சேர்ந்து பேகம் பஜாரில் மொத்தமாக வாங்கினால் வேறு விலை. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவர் வேலையை முடித்துக் கொடுக்கலாம். சண்டையும் வரும். வராமல் இருக்காது. அதற்குத்தான் கணக்கு நோட்டு ஒன்றாக, எல்லாரும் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

இப்போது ஆளுக்கு ஒரு நோட்டு கொடுப்பார்கள். பேச்சைக் கொஞ்சம் நிறுத்திக்கொண்டு எழுதலாம். முதல் பக்கத்தில் நாலு கோடு போடுங்கள். முதல் கட்டத்தில் தேதி. இரண்டாவதில் யார் வேலை. மூன்றாவதில் பொருள் செலவு. நான்காவதில் எத்தனை நாள். ஐந்தாவதில் கைக்கு வந்த பணம். போன மாதம் செய்த ஒரு வேலையை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். அதை எழுதுங்கள். கழித்துப் பாருங்கள். நாளுக்கு எவ்வளவு வந்தது என்று பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள்.